மனச்சோர்வா, பைபோலாரா? மரபணு சொல்வதும் குடும்பம் சொல்வதும்

மனச்சோர்வோடு முதல்முறை வந்து உட்காருபவரிடம் மனநல மருத்துவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதுக்கு முன்னாடி எப்பவாவது, தூக்கமே தேவைப்படாம நாலஞ்சு நாள் ரொம்ப சுறுசுறுப்பா, பேச்சு நிக்காம, எதையும் சாதிச்சிடலாம்ங்கற மாதிரி இருந்திருக்கீங்களா?" பெரும்பாலும் "இல்ல டாக்டர்" என்றுதான் பதில் வரும். சிலருக்கு அப்படி ஒன்று இன்னும் வந்திருக்காது. சிலருக்கு வந்திருக்கும், ஆனால் அதை நோய் என்று நினைத்திருக்க மாட்டார்கள். வாழ்க்கையிலேயே நன்றாக இருந்த ஒரு வாரம் என்று நினைத்திருப்பார்கள். மனச்சோர்வின் அடியில் கிடக்கும்போது பழைய உற்சாகம் ஞாபகத்துக்கு வருவதும் கஷ்டம்.

அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்ற பதில் வந்தால் நோயின் பெயரே மாறிவிடும். மனச்சோர்வு மட்டும் இருந்தால் அது ஒருமுனை மனச்சோர்வு. மேனியா எனப்படும் எழுச்சி நிலையோ, அதன் மிதமான வடிவமோ ஒருமுறை வந்திருந்தால் கூட அது பைபோலார், அதாவது இருமுனைக் கோளாறு. மருந்தும் மாறும். ஒருமுனை மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் மனச்சோர்வு மாத்திரையை பைபோலார் உள்ளவருக்குத் தனியாகக் கொடுத்தால், அவரை மேனியாவுக்குள் தள்ளிவிடக்கூடும். ஸ்வீடனின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படித் தனியாகக் கொடுக்கப்பட்ட பைபோலார் நோயாளிகளுக்கு முதல் மூன்று மாதங்களில் மேனியா வரும் வாய்ப்பு சுமார் 2.8 மடங்கு கூடியிருந்தது. லித்தியம் போன்ற மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து கூடவே இருந்தவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை.

அறையில் உட்கார்ந்திருக்கும் மனச்சோர்வு இரண்டு நோயிலும் கிட்டத்தட்ட ஒரே முகத்தோடு இருக்கும். அழுகை, தூக்கம் கெடுவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, சாவைப் பற்றிய நினைப்பு. பைபோலார் என்றால் பாதி நாள் உற்சாகம், பாதி நாள் சோகம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நிஜம் வேறு. கடும் மேனியா வரும் முதல் வகை பைபோலார் நோயாளிகளைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மொத்த வாரங்களில் சுமார் 32 சதவீதம் மனச்சோர்வில் போயிருந்தது, 9 சதவீதம்தான் எழுச்சியில். மிதமான எழுச்சி மட்டும் வரும் இரண்டாம் வகையில் வித்தியாசம் இன்னும் அதிகம்: பாதி வாரங்கள் சோர்வு, எழுச்சி ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். பலருக்கு நோய் தொடங்குவதே மனச்சோர்வாகத்தான். அமெரிக்காவில் 2000-இல் பைபோலார் நோயாளிகளிடமே எடுத்த ஒரு கணக்கெடுப்பில் 69 சதவீதம் பேர் முதலில் வேறு நோய் என்று தவறாகச் சொல்லப்பட்டவர்கள். அப்படிச் சொல்லப்பட்ட வேறு நோய் பெரும்பாலும் மனச்சோர்வு. மூன்றில் ஒருவருக்கு மேல் சரியான பெயர் கிடைக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள்.

பத்து ஆண்டு என்றால் ஒருவருடைய இருபதுகள் முழுவதும். படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் நடக்கும் காலம் அது. எதிர்காலத்தில் என்ன வரும் என்பதை இரத்தத்தில் இப்போதே பார்த்துவிட முடியாதா என்ற ஆசை இங்கிருந்துதான் பிறக்கிறது. மேனியா இன்னும் வராவிட்டாலும், வரக்கூடியவரின் மரபணுவில் ஏதாவது அடையாளம் இருக்க வேண்டுமே.

அந்த ஆசைக்கு நல்ல அடிப்படை உண்டு. இந்த இரண்டு நோயும் வேறு வேறு என்று பிரித்ததே குடும்பங்களைப் பார்த்துத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் எமில் கிரேப்பலின், எழுச்சி வந்தாலும் வராவிட்டாலும் எல்லாவற்றையும் ஒரே நோயின் கீழ் வைத்தார். 1957-இல் கார்ல் லியோன்ஹார்ட் ஒருமுனை, இருமுனை என்று பிரிக்கச் சொன்னார். 1966-இல் சுவிட்சர்லாந்தின் ஜூல்ஸ் ஆங்ஸ்டும் ஸ்வீடனின் கார்லோ பெரிஸும் தனித்தனியாக நோயாளிகளின் உறவினர்களை ஆராய்ந்தபோது, இருமுனை நோயாளிகளின் இரத்த உறவில் இருமுனை நோய் கூடுதலாக இருப்பது தெரிந்தது. பிரிவினை நின்றது அதன் மேல்தான்.

அப்புறம் இரட்டையர் ஆய்வுகள் வந்தன. மனச்சோர்வில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் மரபின் பங்கு 37 சதவீதம் போல என்றும், பைபோலாரில் 60 முதல் 85 சதவீதம் என்றும் அவை கணக்கிட்டன. லண்டனில் 2003-இல் வெளியான ஓர் இரட்டையர் ஆய்வு இன்னும் நுணுக்கமாகப் போனது. மேனியாவுக்கான மரபுச் சாய்வில் சுமார் 70 சதவீதம் மனச்சோர்வோடு சேராமல் தனியாக இருக்கிறது என்றது. அதாவது எங்கேயோ, பைபோலாருக்கு மட்டும் உரிய மரபணு மாற்றங்கள் இருக்கின்றன. எங்கே என்பதுதான் கேள்வி.

அதைத் தேடிப் போனதில் எனக்கு மறக்கவே முடியாத ஒரு கதை அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தில் நடந்தது. அங்கே வாழும் ஆமிஷ் மக்கள் நவீன வசதிகளை ஒதுக்கி வாழும் ஒரு கிறிஸ்தவச் சமூகத்தினர்; கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள், குதிரை வண்டிதான். ஒரு சில முன்னோர்களிலிருந்து வந்தவர்கள். வம்சாவளியை எழுதி வைத்திருப்பவர்கள். குடி, போதை மிகக் குறைவு. மரபணு தேடுபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஜானிஸ் ஈக்லண்ட் என்ற ஆய்வாளர் அவர்களோடு பல ஆண்டுகள் பழகினார். அந்த ஊரில் மேனியா எப்படித் தெரியும் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார்: குதிரையை வெறியோடு விரட்டுவது, சமூகம் தடை செய்த இயந்திரங்களை வாங்குவது, பொதுத் தொலைபேசியில் அளவுக்கு மீறிப் பேசுவது. நகரத்து மருத்துவமனையில் இதையெல்லாம் பார்ப்பவருக்கு அதில் மேனியா தெரிந்திருக்காது. மேனியா அந்தந்த ஊரின் உடையைப் போட்டுக்கொண்டுதான் வரும் என்பதை இந்தக் குறிப்புகள் போல எனக்குப் புரிய வைத்தது வேறில்லை.

1987 பிப்ரவரியில் ஈக்லண்டும் கூட்டாளிகளும் 'நேச்சர்' இதழில் ஆமிஷ் குடும்பம் ஒன்றின் 81 பேரை ஆராய்ந்து, நோய்க்கான இடம் 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று அறிவித்தார்கள். உலகமே கொண்டாடியது. இரண்டே ஆண்டுகளில், 1989-இல், அதே இதழில் மறு ஆய்வு வந்தது. நோயில்லாதவர்கள் என்று எண்ணியிருந்த இரண்டு பேருக்கு இதற்குள் நோய் வந்துவிட்டது. குடும்பத்தின் வேறு கிளைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். 11-ஆம் குரோமோசோமுக்கான சான்று கரைந்து போயிற்று.

இரண்டு பேர்! மரபணு ஆய்வு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அதன் ஒரு பக்கத்தில் டி.என்.ஏ. இருக்கிறது, மறுபக்கத்தில் யாரோ ஒருவர் பேசிப் பார்த்து எழுதிய நோயின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் தப்பினால் எல்லாம் தப்பும். இந்தத் துறையில் இன்றுவரை தீராத சிக்கல் இது.

ஒற்றை மரபணு என்ற கனவு கலைந்த பிறகு ஆராய்ச்சி வேறு வழியில் போனது. லட்சக்கணக்கானவர்களின் டி.என்.ஏ.வில், ஒவ்வொன்றும் நூலளவே பாதிக்கும் சின்னச் சின்ன மாற்றங்களை மொத்தமாக வலைவீசித் தேடுவது. இதற்காகப் பல நாட்டு ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு பெரும் கூட்டமைப்பாகச் சேர்ந்தார்கள். பைபோலாரோடு தொடர்புடையவையாக டி.என்.ஏ.வில் 2019-இல் 30 இடங்கள், 2021-இல் 64 இடங்கள் என்று வளர்ந்து, 2025 ஜனவரியில் 1,58,036 நோயாளிகளை வைத்து 298 இடங்கள் வெளியாயின. அதே மாதம் மனச்சோர்வுக்கு 6,88,808 நோயாளிகளை வைத்து சுமார் 700 மாற்றங்கள் வெளியாயின.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன தெரிகிறது? இரண்டு நோய்க்கும் பொதுவான பங்கு உண்டு, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. முழு ஒற்றுமையை 1 என்று வைத்துக்கொண்டால் பைபோலாருக்கும் மனச்சோர்வுக்கும் இடையிலான மரபணு ஒற்றுமை 0.4-ஐ ஒட்டி இருக்கிறது. பைபோலாருக்கும் ஸ்கிசோஃப்ரீனியா எனும் மனச்சிதைவு நோய்க்கும் இடையிலோ அது 0.7. பெயரில் மனச்சோர்வின் அண்ணன் தம்பி போலத் தெரியும் நோய், மரபில் மனச்சிதைவுக்கு அருகில் நிற்கிறது. அதிலும் கடும் மேனியா வரும் முதல் வகை பைபோலார் மனச்சிதைவுப் பக்கம் சாய்கிறது. மிதமான எழுச்சி மட்டும் வரும் இரண்டாம் வகை மனச்சோர்வுப் பக்கம் சாய்கிறது. நடுவில் ஒரு வேலி போட்டு இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது என்று சொல்லும்படி மரபணு இல்லை. ஒரு சரிவு போல இருக்கிறது.

2025 ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மருத்துவமனையிலிருந்து சேர்த்த பைபோலார் நோயாளிகளின் மரபணுத் தோற்றம் மனச்சிதைவை ஒட்டி இருந்தது. 'எனக்கு பைபோலார்' என்று தாமே படிவத்தில் குறித்தவர்களுடையது மனச்சோர்வை ஒட்டி இருந்தது. நோயின் பெயர் ஒன்றுதான், ஆள் சேர்த்த வழி வேறு, மரபணுவும் வேறாகத் தெரிகிறது. ஆமிஷ் ஊரில் இரண்டு பேர் செய்த வேலையை இங்கே படிவம் செய்கிறது.

சரி, இதையெல்லாம் வைத்து அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு என்ன சொல்ல முடியும்? நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சின்ன மாற்றங்களை ஒருவரிடம் எண்ணிக் கூட்டி ஒரே எண்ணாக்குவார்கள். பல்மரபணு மதிப்பெண் என்று அதற்குப் பெயர். பைபோலாருக்கான மதிப்பெண் கூடியவர்களிடம் பைபோலார் வருவது கூடுதல்தான். கூட்டமாகப் பார்த்தால் இரண்டு நோயாளர் குழுக்களின் சராசரியும் வேறுபடுகிறது. சராசரிதான் வேறுபடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு மூட்டை அரிசி இருக்கிறது, ஒன்றின் மணி சராசரியில் கொஞ்சம் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படி அள்ளிக் கொடுத்தால் எந்த மூட்டை என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு மணியை உள்ளங்கையில் வைத்தால் சொல்ல முடியாது. நோயாளி ஒற்றை மணியாகத்தான் வருகிறார்.

இதை நேரடியாகச் சோதித்தது டென்மார்க். அங்கே குழந்தை பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஊசியால் குத்தி, சில சொட்டு இரத்தத்தை ஒரு தாளில் ஒற்றி, பிறவி நோய்களுக்குச் சோதிப்பார்கள். சோதித்த பிறகு அந்தத் தாளைத் தூக்கிப் போடுவதில்லை. 1980-களின் தொடக்கத்திலிருந்து பிறந்தவர்களின் காய்ந்த இரத்தப் பொட்டுகள் குளிர்சாதன அறைகளில் அடுக்கப்பட்டு இருக்கின்றன. அந்தப் பொட்டிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, அதே ஆளுக்குப் பின்னாளில் எந்த மருத்துவமனையில் என்ன நோய் என்று எழுதினார்கள் என்ற தேசியப் பதிவேட்டோடு சேர்த்துப் பார்க்கலாம்.

2020-இல் வெளியான ஆய்வு இதைத்தான் செய்தது. மனச்சோர்வு என்று மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 10 முதல் 35 வயதுக்குள்ளான 16,949 பேரை எடுத்துக்கொண்டது. பின்தொடர்ந்த காலத்தில் அவர்களில் 7 சதவீதம் போல பைபோலார் என்று மாறினார்கள். பிறந்த வாரத்து இரத்தம் அதை முன்கூட்டிச் சொன்னதா? கொஞ்சம். பைபோலார் மதிப்பெண் ஒரு படி, அதாவது ஒரு திட்ட விலக்கம், ஏறினால் ஆபத்து 1.11 மடங்கு. பெற்றோரில் ஒருவருக்கு பைபோலார் இருந்தால்? சுமார் 5 மடங்கு.

அந்த இரண்டு எண்களையும் சற்று நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மதிப்பெண்ணில் மிக மேலே, இரண்டு படி தள்ளி நிற்கும் ஒருவரை எடுத்துக்கொண்டால் கூட, நூறு பேரில் 7 என்பது தோராயமாக 9 ஆகும். அதை வைத்து எந்த மருத்துவரும் மருந்தை மாற்ற மாட்டார், மாற்றவும் கூடாது. "உங்க அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இந்த மாதிரி இருந்ததா?" என்ற ஒரு கேள்வி, செலவில்லாமல், அதைவிடப் பல மடங்கு தகவல் தருகிறது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். குடும்ப வரலாறும் மரபணுச் சோதனைதான். நமக்கு இன்னும் கண்டுபிடிக்கத் தெரியாத அரிய மாற்றங்களையும், வளர்ந்த வீட்டின் சூழலையும் சேர்த்தே அது சுமந்து வருகிறது.

மதிப்பெண் காலப்போக்கில் கூர்மையாகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கூர்மை நமக்கு எப்போது வரும்? இதுவரை உலகில் நடந்த பெரும் மரபணு ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் பெரும்பான்மை ஐரோப்பிய வம்சாவளியினர். ஒரு மக்களிடம் கணக்கிட்ட மதிப்பெண் இன்னொரு மக்களிடம் சரியாக வேலை செய்யாது. 2025 பைபோலார் ஆய்வில் ஐரோப்பியர், கிழக்காசியர், ஆப்பிரிக்க அமெரிக்கர், லத்தீன் அமெரிக்கர் இருந்தார்கள், தெற்காசியர் என்று ஒரு குழுவே இல்லை. நம் பக்கத்தில் முடியாதது இல்லை. சென்னையில் மனநோய் சிகிச்சையும் ஆய்வும் செய்யும் ஸ்கார்ஃப் நிறுவனம் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, தென்னிந்தியர் சுமார் 3,000 பேரை வைத்து மனச்சிதைவுக்கான மரபணு ஆய்வை 2019-இல் வெளியிட்டது. அதில் கிடைத்த முக்கிய இடம், உடலில் நியாசின் வைட்டமின் கையாளப்படும் விதத்தோடு தொடர்புடையது. பைபோலாருக்கும் மனச்சோர்வுக்கும் அப்படி ஒன்று, அதைவிடப் பல மடங்கு பெரிதாக, இங்கே நடக்க வேண்டும்.

மரபணு வேறு இடத்தில் உண்மையாகவே உதவத் தொடங்கியிருக்கிறது. மிக அரிதான, ஆனால் பலமாகப் பாதிக்கும் மாற்றங்களைத் தேடிய 2022 ஆய்வு ஒன்றில் ஏ.கே.ஏ.பி.11 என்ற மரபணு வெளிப்பட்டது. அது பழுதானால் பைபோலார், மனச்சிதைவு இரண்டுக்குமே ஆபத்து கூடுகிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல அது உதவாது. ஆனால் அந்த மரபணு உண்டாக்கும் புரதம், உடலில் லித்தியம் கட்டுப்படுத்துவதாகக் கருதப்படும் அதே நொதியோடுதான் ஒட்டி வேலை செய்கிறது. 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் கண்டு சொன்ன லித்தியம் ஏன் வேலை செய்கிறது என்பதற்கு எழுபது ஆண்டு கழித்து மரபணுப் பக்கத்திலிருந்து ஒரு துப்பு கிடைக்கிறது. யாருக்கு லித்தியம் கேட்கும் என்பதிலும் வேலை நடக்கிறது. மனச்சிதைவுக்கான மதிப்பெண் கூடியவர்களுக்கு லித்தியம் அவ்வளவாகக் கேட்பதில்லை என்று 2018-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது.

இன்றைக்கே மருத்துவரின் கையில் உள்ள ஒரு சோதனையையும் சொல்லிவிட வேண்டும். மேனியாவுக்குத் தரப்படும் மருந்துகளில் ஒன்று கார்பமசெபின். எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையால் தோல் வெந்து உரிவது போன்ற உயிராபத்தான எதிர்விளைவு வரக்கூடும். இந்த வகை ஆசியரிடையே கூடுதல். அந்த வம்சாவளியினருக்கு மருந்து தொடங்கும் முன் சோதிக்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-இல் அறிவுறுத்தியது. நோய்க்குப் பெயர் வைக்க உதவாத மரபணு, மருந்தால் வரும் ஆபத்தைத் தடுக்க உதவுகிறது.

'உங்களுக்கு பைபோலார் வருமா?' என்று எச்சிலை வாங்கிக்கொண்டு சொல்வதாக விற்கப்படும் சோதனைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். மனநோயைக் கண்டறியப் பல்மரபணு மதிப்பெண் இன்னும் தகுதி பெறவில்லை என்பதுதான் மனநல மரபியலாளர்களின் பன்னாட்டுச் சங்கத்தின் நிலைப்பாடு. இரத்தத்தில் வேறு பொருட்களைத் தேடும் முயற்சிகளும் உண்டு. கேம்பிரிட்ஜில் 2023-இல் வெளியான ஒன்று, விரல் நுனியின் காய்ந்த இரத்தப் பொட்டில் உள்ள வேதிப்பொருட்களைக் கேள்வித்தாளோடு சேர்த்துப் பார்த்தபோது முடிவு மேம்பட்டதாகச் சொன்னது. கவனியுங்கள், அங்கேயும் கேள்விகள்தான் முன்னால்.

ஆக, குடும்பக் கேள்வி. நம் வீடுகளில் அதற்குப் பதில் சொல்வதுதான் கடினம். சித்தப்பாவுக்கு இருந்தது வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று மூடி வைத்தது, முப்பது ஆண்டு கழித்து அந்தப் பெண்ணுக்கு மனச்சோர்வு வரும்போதும் மூடியே கிடக்கிறது. அவளுக்கே தெரியாத ஒன்றை அவள் எப்படி மருத்துவரிடம் சொல்வாள்? கூட வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத் தெரியும். பெண் இல்லாத நேரத்தில் தனியாகச் சொன்னாலும் போதும்.

நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் யாரும் பெயர் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். நடந்ததைச் சொன்னால் போதும். ஆமிஷ் ஊரில் குதிரையும் தொலைபேசியும் இருந்த இடத்தில் நம் ஊரில் வேறு இருக்கும். யாராவது திடீரென்று காட்டை விற்று, ஒரே மாதத்தில் மூன்று தொழில் தொடங்கினார்களா? ராத்திரியெல்லாம் தூங்காமல் வீட்டைக் கழுவிக்கொண்டு, காலையில் ஊருக்கெல்லாம் சாப்பாடு போடக் கிளம்பினார்களா? தான் தெய்வம் என்று பேசினார்களா? பிள்ளை பெற்ற சில நாட்களில் யாருக்காவது புத்தி தடுமாறியதா? தற்கொலை செய்துகொண்டவர் உண்டா? மனச்சோர்வு மாத்திரை தொடங்கியதும் யாராவது தூக்கமில்லாமல் படபடவென்று ஆனார்களா? கடைசியாகக் கேட்டது உங்களுக்கே நடந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அந்தச் சித்தப்பா எந்த மாத்திரையில் தெளிந்தார் என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். லித்தியம் நன்றாகக் கேட்பது குடும்பத்தில் ஓடுவதுண்டு. பீரோவின் அடித்தட்டில் பழைய மருந்துச் சீட்டு ஏதாவது கிடந்தால், எடுத்துப் போய்க் காட்டலாம்.